தினமும் எத்தனை முட்டை? மஞ்சள் கருவை எடுத்துப் போடணுமா?

#1 பூந்தளிர்

முட்டையைப் பத்திக் கேட்டா ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. வாரத்துக்கு மூணு மஞ்சள் கருவுக்கு மேல கூடாதுங்கிறது ஒரு கட்சி. தினம் ஒண்ணு தாராளமா சாப்பிடலாம்னு இன்னொரு கட்சி. ஜிம் பக்கம் போனா எட்டு வெள்ளைக்கரு, ஒரு மஞ்சள் கருன்னு தனிக் கணக்கு. இதுல எந்த எண் எங்கிருந்து வந்தது, எது இன்னும் செல்லும், எது காலாவதி ஆயிடுச்சுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "அளவோடு சாப்பிடுங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த அளவு என்னங்கிறதுதான் கேள்வியே. சர்க்கரை நோய், இதய நோய் இருக்கிறவங்களுக்கு எண் மாறுமா? அவிக்கிறதுக்கும் பொரிக்கிறதுக்கும் வித்தியாசம் உண்டா?

#2 தராசு

முதலில் பொருளை நிறுத்துப் பார்ப்போம், எண்ணிக்கை பிறகு. சத்து அட்டவணைகளில் "பெரிய முட்டை" என்பது ஓடு நீக்கி 50 கிராம். அதில் ஏறக்குறைய 72 கலோரி, புரதம் 6.3 கிராம், கொழுப்பு 4.8 கிராம், அந்தக் கொழுப்பில் நிறைவுற்ற வகை (வெண்ணெயில் நிறைய இருப்பது) 1.6 கிராம்தான். மாவுச்சத்து அரை கிராம்கூடத் தேறாது. நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் அறவே இல்லை. கொலஸ்ட்ரால் 186 மில்லிகிராம், அத்தனையும் மஞ்சள் கருவில். பழைய அட்டவணைகளில் 212 என்று பார்த்திருப்பீர்கள். பிற்பாடு திரும்ப அளந்தபோது குறைந்தது.

"வாரத்துக்கு மூன்று" 1968-இல் பிறந்தது. அமெரிக்க இதய சங்கம் அந்த ஆண்டு, உணவிலிருந்து வரும் கொலஸ்ட்ரால் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மஞ்சள் கரு வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடினால் மாரடைப்பு கூடுகிறது, முட்டையில் கொலஸ்ட்ரால் இருக்கிறது, ஆகவே முட்டையைக் குறை என்பதுதான் தர்க்கம். நடுவில் ஒரு படி விடுபட்டுப் போனது. தின்னும் கொலஸ்ட்ரால் எவ்வளவு தூரம் ரத்தக் கொலஸ்ட்ராலாக மாறுகிறது என்பதே அந்தப் படி. 1913-இல் ரஷ்ய ஆய்வாளர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்து ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டியது பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் முயல் இலை தழை தின்னும் பிராணி. கொலஸ்ட்ராலைக் கையாள அதற்கு நம்மளவு ஏற்பாடு கிடையாது.

அந்த 300 மில்லிகிராம் வரம்பு 2015-20 அமெரிக்க உணவு வழிகாட்டியில் காணாமல் போனது. அதைப் பார்த்து "கட்டுப்பாடு போச்சு, எத்தனை வேண்டுமானாலும்" என்று குதித்தவர்கள் பாதிப் பக்கம்தான் படித்தார்கள். முடிந்தவரை குறைவாகவே இருக்கட்டும் என்ற வரி அதே வழிகாட்டியில் இருந்தது. இதய சங்கத்தின் 2019 அறிக்கை கைக்கு அடக்கமான எண் தந்தது: ஆரோக்கியமானவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு முழு முட்டை, கொலஸ்ட்ரால் அளவு சரியாக இருக்கும் முதியவர்களுக்கு இரண்டு வரை. முதியவர்களுக்கு ஏன் கூட என்று கேட்பீர்கள். வயதாக ஆகச் சாப்பாடு குறையும், தசை கரையும். மெல்ல எளிதான, புரதம் நிறைந்த பண்டம் அவர்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது.

#3 எடைக்கல்

எட்டு வெள்ளை ஒரு மஞ்சள் கணக்கை நான் பிரிக்கிறேன். வெள்ளைக்கரு சுமார் 33 கிராம், 17 கலோரி, புரதம் 3.6 கிராம். மஞ்சள் கரு 17 கிராம், 55 கலோரி, புரதம் 2.7 கிராம். முட்டைப் புரதத்துல 40 சதவீதத்துக்கு மேல மஞ்சள்லதான் இருக்கு, "புரதம்னா வெள்ளை"ன்னு நினைக்கிறவங்க இதை விட்டுடுறாங்க.

அது மட்டும் இல்ல. மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின்ங்கிற சத்து 147 மில்லிகிராம், கண்ணுக்கு வேண்டிய லூட்டின், வைட்டமின் ஏ, வைட்டமின் டி, பி12-ல பெரும்பகுதி எல்லாமே மஞ்சள்ல. கோலின் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு ஆண்னா 550, பெண்ணுன்னா 425 மில்லிகிராம். இவ்வளவு அடர்த்தியா கோலின் தர்ற சாதாரண உணவு ஈரல் தவிர அதிகம் இல்ல. உடற்பயிற்சி முடிஞ்சதும் 18 கிராம் புரதத்தை வெள்ளைக்கருவா கொடுத்தும் முழு முட்டையா கொடுத்தும் பார்த்த 2017 ஆய்வுல, தசைப் புரதம் உருவாகிறது முழு முட்டைக்குத்தான் கூடுதலா இருந்துச்சு. கொலஸ்ட்ராலுக்குப் பயந்து எல்லா மஞ்சளையும் சாக்கடையில ஊத்துறது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற வேலை.

வெள்ளைக்கு இடமே இல்லைன்னும் சொல்லல. ஒரு வேளைக்கு 23 கிராம் புரதம் வேணும்னா நாலு முழு முட்டை 25 கிராம், 288 கலோரி, 744 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். அதையே 2 முழு முட்டை + 3 வெள்ளைன்னு பண்ணினா 23.4 கிராம், 195 கலோரி, 372 மில்லிகிராம். எடை குறைக்கிறவங்களுக்கு ரெண்டாவது நல்லது. இன்னும் நல்லது, மீதிப் புரதத்தைப் பருப்பு, மீன், தயிர்னு வேற இடத்துல எடுக்கிறது. எல்லாப் புரதமும் முட்டை வழியாத்தான் வரணும்னு எவனும் சட்டம் போடல.

#4 நாடித்துடிப்பு

தராசு சொன்ன "விடுபட்ட படி"யைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எண் ஆளுக்கு ஆள் மாறுவதன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மற்ற திசுக்களும் தாமே தயாரிக்கின்றன. உணவிலிருந்து குடலுக்கு வருவதில் சுமார் பாதிதான் உள்ளே போகிறது. உணவு வழியே கூடுதலாக வந்தால் கல்லீரல் தன் தயாரிப்பைக் குறைக்கும், பித்தத்தில் அதிகம் வெளியேற்றும். 1991-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த புகழ்பெற்ற அறிக்கை ஒன்று உண்டு. நாளொன்றுக்கு 25 முட்டை சாப்பிட்டுவந்த 88 வயது முதியவர், ரத்தக் கொலஸ்ட்ரால் சாதாரண அளவு. சோதித்ததில் அவர் குடல் உணவுக் கொலஸ்ட்ராலில் 18 சதவீதத்தைத்தான் உறிஞ்சியது. அவரைக் காட்டி யாரும் 25 சாப்பிட வேண்டாம். உறிஞ்சும் அளவு ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும் என்பதற்கு அவர் ஓர் உதாரணம், அவ்வளவே.

சராசரிக் கணக்கு இப்படி. உணவில் 100 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் கூடினால் ரத்தத்தின் மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 2.2 மில்லிகிராம் அளவுக்கு ஏறும் என்பது கட்டுப்படுத்திய உணவுச் சோதனைகளைத் தொகுத்துக் கிடைத்த எண். அப்படியானால் தினம் ஒரு முட்டை கூட்டினால் 4 ஏறலாம். அதில் ஒரு சிறு பங்கு எச்.டி.எல். ("நல்ல" கொலஸ்ட்ரால் என்பது), மீதி பெரும்பாலும் எல்.டி.எல். (ரத்தக்குழாயில் படியும் "கெட்ட" கொலஸ்ட்ரால்). பெரிய ஏற்றம் இல்லை, பூஜ்யமும் இல்லை. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தச் சராசரியைவிடக் கணிசமாக அதிகம் ஏறும். "முட்டையால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பவரும் "ரெண்டு மாதத்தில் எல்.டி.எல். எகிறியது" என்பவரும் உண்மையையே சொல்கிறார்கள்.

எல்.டி.எல்.லை முட்டையைவிட வலுவாக ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது கல்லீரல் செல்களிலுள்ள எல்.டி.எல். ஏற்பிகளைக் குறைக்கிறது, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை வாரி எடுக்கும் கைகள் குறைந்துபோகின்றன. 2025-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஒரு மாற்றுமுறைச் சோதனையில் (அதே ஆட்களை மாறி மாறி வெவ்வேறு உணவில் வைத்துப் பார்ப்பது), நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துத் தினம் இரண்டு முட்டை சாப்பிட்டபோது, நிறைவுற்ற கொழுப்பு அதிகமும் முட்டை வாரம் ஒன்றுமாக இருந்த உணவைவிட எல்.டி.எல். குறைவாகவே இருந்தது. ஒரு முட்டையில் 1.6 கிராம், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் 7 கிராம். யாரைக் கூண்டில் ஏற்றுவது என்று நீங்களே பாருங்கள்.

#5 சந்தேகப்பேர்வழி

எல்லாரும் முட்டைக்கு மாலை போடும் முன் மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன்.

2019-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு: ஆறு குழுக்கள், 29,615 பேர், அவர்களைத் தொடர்ந்து கவனித்த காலம் நடுமதிப்பில் 17.5 ஆண்டு. தினசரி உணவில் அரை முட்டை கூடும் ஒவ்வொரு படிக்கும் இதய ரத்தக்குழாய் நோய் 6 சதவீதம், மரணம் 8 சதவீதம் அதிகம். தினம் 300 மில்லிகிராம் உணவுக் கொலஸ்ட்ரால் கூடினால் நோய் 17 சதவீதம் அதிகம். இதில் கவனிக்க வேண்டியது, கொலஸ்ட்ராலைக் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தால் முட்டைக்கும் நோய்க்குமான தொடர்பு மறைகிறது. மஞ்சள் கருவில் உள்ள கொலஸ்ட்ராலேதான் காரணம் என்று அது சுட்டுகிறது.

இன்னொன்று, முட்டை நல்லது என்று சொல்லும் பல சோதனைகளுக்குப் பணம் முட்டைத் தொழில் அமைப்புகளிடமிருந்து வந்தது. அதனால் எல்லாமே பொய் என்று சொல்லவில்லை. ஆனால் "ஏற்றம் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதல்ல" என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது, சோதனையில் எத்தனை பேர், எத்தனை வாரம் என்று ஒரு கண் பாருங்கள். முப்பது பேரை ஆறு வாரம் பார்த்தால் சின்ன ஏற்றம் கண்ணில் படாது. படாதது வேறு, இல்லாதது வேறு.

#6 தராசு

பணம் பற்றிச் சொன்னது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். 2019 ஆய்வைப் பற்றி மூன்று விஷயம்.

அதில் உணவைக் கேட்டது தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை. 17 வருடத்தில் ஒருவர் சாப்பாடு அப்படியே இருந்தது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. 6 சதவீதம் என்பது ஒப்பீட்டு விகிதம். அந்த ஆய்வே தந்த நேரடி வித்தியாசம், தொடர்காலம் முழுவதற்கும் சேர்த்து, நோயில் 1.11 சதவீதப் புள்ளி. மூன்றாவது, முட்டை தட்டில் தனியாக வருவதில்லை. பன்றி இறைச்சி, சாசேஜ், வெண்ணெய் தடவிய ரொட்டியோடு வருகிறது. புள்ளியியலால் அதைப் பிரித்தெடுக்க முயல்வார்கள், முழுதாகப் பிரிவதில்லை.

2020-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 32 ஆண்டு வரை தொடர்ந்த ஆய்வு, உணவுக் கேள்வியை இடையிடையே திரும்பத் திரும்பக் கேட்டது. தினம் ஒரு முட்டை அளவில் இதய நோய் கூடவில்லை. அதே ஆண்டில் 50 நாடுகளிலிருந்து சுமார் 1,77,000 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் வாரத்துக்கு ஏழும் அதற்கு மேலும் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. சீனாவில் சுமார் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்த 2018 ஆய்வில் ஏறக்குறைய தினமும் சாப்பிட்டவர்களுக்கு மூளை ரத்தக்கசிவு குறைவாகவே இருந்தது.

ஆனால் இந்தப் பெரிய ஆய்வுகளில் தினம் மூன்று, நாலு முட்டை சாப்பிடுவோர் சொற்பம். தினம் ஒன்று வரைக்கும்தான் உறுதியான தரவு. அதற்கு மேலே போகப் போக யாராவது அடித்துச் சொன்னால், "நல்லது" என்றாலும் "நஞ்சு" என்றாலும், அது தரவைத் தாண்டிய பேச்சு.

#7 சந்தேகப்பேர்வழி

கடைசிப் பத்திக்கு என் கையெழுத்தும் உண்டு. நான் சண்டை போட வந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். சர்க்கரை நோயாளிகள் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே?

#8 நாடித்துடிப்பு

சொல்கிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களில் தினம் ஒன்றுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் அதிகமாக இருந்ததாக 1999 முதல் சில தொடர் ஆய்வுகள் காட்டின. இதற்கு எதிர்த்திசையில் ஒரு சோதனை: சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ உள்ள 140 பேர், ஒரு பாதிக்கு வாரம் 12 முட்டை, மறு பாதிக்கு வாரம் இரண்டுக்கும் குறைவு, மூன்று மாதத்தில் எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டிலும் வித்தியாசம் இல்லை. (முட்டைத் தொழில் நிதிதான், சந்தேகப்பேர்வழி குறித்துக்கொள்ளலாம்.) இரு பிரிவினருக்கும் வெண்ணெயை விட்டு நல்ல எண்ணெய்க்கு மாறச் சொல்லியிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. முட்டை நேரடியாகச் சர்க்கரையை ஏற்றாது, மாவுச்சத்தே இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு எல்.டி.எல். இலக்கே மற்றவர்களைவிடக் கீழே இருக்கிறது. வாரத்துக்கு நாலைந்து முழு முட்டை, அதற்கு மேல் வேண்டுமானால் வெள்ளைக்கரு என்பது என் பரிந்துரை. இது என் எடைபோடல்தான், ஆய்வு கொடுத்த எண் அல்ல.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர்: எல்.டி.எல். 70-க்கும் கீழே, ஐரோப்பிய வழிகாட்டிப்படி 55-க்கும் கீழே போக வேண்டும். மாத்திரை போட்டு அங்கே இறங்கியிருக்கிறார் என்றால் முட்டை வாரத்துக்கு இரண்டு மூன்றோடு நிற்கட்டும். பரம்பரையாக எல்.டி.எல். 190-க்கு மேல் நிற்கிறவர்களும் அப்படியே.

சிறுநீரகம்: மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் சுமார் 65 மில்லிகிராம், வெள்ளையில் 5 மட்டுமே. டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புரதம் நிறைய வேண்டும், பாஸ்பரஸ் குறைவாக வேண்டும்; வெள்ளைக்கரு அவர்களுக்கென்றே செய்தது போல. டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிக்குக் கணக்கு தலைகீழ், மொத்தப் புரதத்துக்கே வரம்பு இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பித்தப்பையில் கல் இருந்தால் மஞ்சள் கரு பித்தப்பையைச் சுருங்கச் செய்து வலியைக் கிளப்பலாம். யூரிக் அமிலம் கூடியவர்கள் பயப்பட வேண்டாம், உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் முட்டையில் மிகக் குறைவு.

உங்கள் உடம்பு எந்த வகை என்று அறிய வழி இருக்கிறது. ரத்தக் கொழுப்புச் சோதனை செய்துகொள்ளுங்கள். பிறகு ஐந்தாறு வாரம் தினம் இரண்டு முட்டை என்று ஒரே அளவு வையுங்கள். எண்ணெய், வெண்ணெய், உடற்பயிற்சி, எடை எதையும் மாற்றாதீர்கள். அதே ஆய்வகத்தில் மறுபடி சோதியுங்கள். எல்.டி.எல். அதே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் 5–10 சதவீதம் ஏறி இறங்கும். 100 இருந்தது 106 ஆனால் ஒன்றும் சொல்ல முடியாது. 100 இருந்தது 125 ஆனால் முட்டையை நிறுத்தி ஆறு வாரம் கழித்து மூன்றாவது தடவை பாருங்கள். இறங்கினால் நீங்கள் அந்த நாலில் ஒருவர். பலர் செய்யும் தவறு, முட்டையைக் கூட்டுகிற அதே மாதம் எடையையும் குறைப்பது. எடை குறைந்தால் எல்.டி.எல். தானாக ஆடும், எது எதனால் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. மருந்து சாப்பிடுகிறவர்கள், இதய நோயாளிகள் இந்தச் சோதனையை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

#9 பூந்தளிர்

இப்பத்தான் வெளிச்சம் வருது. சமைக்கிற முறை? பொரிச்சா கொலஸ்ட்ரால் கூடுமா?

#10 அடுப்படி

பொரிச்சா முட்டையோட கொலஸ்ட்ரால் கூடாதுங்க, எண்ணெய்தான் கூடும். தாவர எண்ணெய்ல கொலஸ்ட்ராலே கிடையாது, ஆனா ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. முட்டையே 72தான். ஒட்டாத வாணலில ஒரு டீஸ்பூன் போதும், மூடி போட்டா ஆவியிலயே மேல்பக்கம் வெந்துடும். தீயைக் கூட்டி ஓரம் மொறுமொறுன்னு கருக விட்டா வெள்ளை ரப்பர் ஆகுறதுதான் மிச்சம்.

அவிக்கிறதுக்கு நேரம் சொல்றேன். தண்ணி தளதளன்னு கொதிச்ச பிறகு ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பெரிய முட்டையைக் கரண்டியால மெதுவா இறக்குங்க. 6 நிமிஷம்: வெள்ளை இறுகி மஞ்சள் ஓடும். 8: மஞ்சள் ஜாம் மாதிரி. 10: நடுவுல மட்டும் லேசா ஈரம். 12: முழுசா வெந்தது. எடுத்த உடனே ஐஸ் தண்ணியில அஞ்சு நிமிஷமாவது போடணும், இல்லேன்னா உள்சூட்டுலயே வெந்துக்கிட்டு இருக்கும். மலைப்பிரதேசம்னா தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிக்கும், ஒண்ணு ரெண்டு நிமிஷம் சேர்த்துக்கணும்.

மஞ்சளைச் சுத்தி பச்சை வளையம் வருதே, அது கெட்டுப்போன அடையாளம் இல்ல. வெள்ளையில இருந்து வர்ற ஹைட்ரஜன் சல்பைடும் மஞ்சள்ல இருக்கிற இரும்பும் சேர்ந்து உண்டாகிற இரும்பு சல்பைடு. ஆபத்து இல்ல, நேரம் ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு சொல்லுது, அவ்வளவுதான்.

தோல் உரியாம வெள்ளை பிச்சுக்கிட்டு வர்றதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, முட்டை ரொம்பப் புதுசு. புது முட்டையில வெள்ளையோட காரத்தன்மை குறைவு, சவ்வோட ஒட்டிக்கும்; நாள் ஆக ஆகக் கரியமில வாயு ஓட்டு வழியா வெளியேறி காரம் ஏறும், ஒட்டாது. வாங்கி ஒரு வாரம் ஆனதை அவிக்க வெச்சுக்கோங்க, புதுசைப் பொரிக்க வெச்சுக்கோங்க. ரெண்டாவது, பச்சைத் தண்ணியில போட்டுச் சூடு ஏத்துறது. மெதுவா சூடேறினா வெள்ளை சவ்வோட சேர்ந்தே இறுகும். கொதிக்கிற தண்ணியில இறக்கினா அந்தத் தொல்லை பாதியாக் குறையும்.

இப்ப முக்கியமானது. சால்மொனெல்லாங்கிற வயித்தைக் கெடுக்கிற பாக்டீரியா ஓட்டுக்கு வெளியில மட்டும் இல்ல, சில சமயம் கோழிக்குள்ளேயே முட்டை உருவாகும்போது உள்ள போயிடும். வெளியில கழுவிட்டா சரியாப் போச்சுங்கிறது தப்பு. கழுவி ஈரத்தோட வெச்சா ஓட்டுத் துளை வழியா இன்னும் உள்ள இழுத்துக்கும். நடுப்பகுதி 71 டிகிரி போனா பயம் இல்ல; மஞ்சள் இறுகிடுச்சுன்னா அந்தச் சூட்டை ஒட்டி வந்தாச்சுன்னு எடுத்துக்கலாம். மஞ்சள் ஓடுற ஆஃப் பாயில் ருசிதான், ஆனா கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு அது வேண்டாம்.

ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரியில ஓட்டோட மூணுல இருந்து அஞ்சு வாரம் இருக்கும். கதவுத் தட்டுல வைக்காதீங்க, திறக்கும்போதெல்லாம் சூடு மாறும். அவிச்ச முட்டை ஒரு வாரம். வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். தண்ணியில போட்டா மிதக்குற முட்டை பழசு, அவ்வளவுதான் அர்த்தம். உள்ளே காத்துப்பை பெருசாயிருக்கு. கெட்டுச்சாங்கிறதைத் தனிக் கிண்ணத்துல உடைச்சு மோந்து பாருங்க, மூக்குக்கு மேல சோதனைக் கருவி இல்ல. ஆனா சால்மொனெல்லா இருந்தா நாத்தம் வராது, அதுக்கு வேகவைக்கிறது ஒண்ணுதான் வழி.

#11 எடைக்கல்

பச்சை முட்டையை உடைச்சு அப்படியே குடிக்கிறவங்களுக்கு: புரதமும் நஷ்டம். ஒரு சின்னச் சோதனையில வேகவெச்ச முட்டைப் புரதம் 91 சதவீதம் செரிச்சுது, பச்சையில 51தான். நாலு முட்டை குடிச்சு ரெண்டு முட்டைக்கான பலன். அது போக, பச்சை வெள்ளையில இருக்கிற அவிடின்னு ஒரு புரதம் பயோட்டின் வைட்டமினைக் கட்டிப்போட்டுடும். மாசக்கணக்கா நிறைய குடிச்சாத்தான் குறைபாடு வரும், ஆனா வேகவெச்சா அவிடின் செயலிழந்துடும், பிரச்சினையே இல்ல.

#12 பூந்தளிர்

குழந்தைங்களுக்கு எப்ப ஆரம்பிக்கலாம்? கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறயா? அப்புறம் பழுப்பு ஓடு, ஒமேகா 3 முட்டை எல்லாம் காசு கூடக் கொடுக்கத் தகுமா?

#13 நாடித்துடிப்பு

குழந்தைக்கு மற்ற உணவு தொடங்கும் ஆறு மாத வாக்கில், நன்றாக வேகவைத்து மசித்து, கால் டீஸ்பூனில் ஆரம்பிக்கலாம். ஒவ்வாமைக்குப் பயந்து ஒரு வயதுக்கு மேல் தள்ளிப் போடு என்ற பழைய அறிவுரை மாறிவிட்டது. தோல் அரிப்பு நோய் இருந்த குழந்தைகளுக்கு ஆறு மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப் பொடியை மிகச் சிறிய அளவில் கொடுத்த ஜப்பானியச் சோதனையில் (2017), ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை 8 சதவீதம். கொடுக்காத பிரிவில் 38. கடுமையான தோல் அரிப்பு இருந்தால் முதல் வாய் மருத்துவர் ஆலோசனையோடு. புதிதாகக் கொடுக்கும் நாளில் வேறு எந்தப் புது உணவும் கொடுக்காதீர்கள். பகலில் கொடுங்கள், இரண்டு மணி நேரம் கண்காணிக்க முடிகிற மாதிரி. உதடு வீக்கம், உடல் தடிப்பு, விடாத வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவமனை.

கர்ப்பிணிக்குக் கோலின் 450 மில்லிகிராம் வேண்டும், குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும். நாளைக்கு ஒன்றிரண்டு முட்டை நல்ல பங்களிப்பு. இரும்புக்கு முட்டையை நம்ப வேண்டாம். 0.9 மில்லிகிராம் இருக்கிறது, ஆனால் மஞ்சளில் உள்ள பாஸ்விடின் என்ற புரதம் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். வைட்டமின் டி-யும் அப்படித்தான், ஒரு முட்டையில் 41 அலகு, தேவை 600. அதை முட்டையாலேயே நிரப்ப நாளைக்குப் பதினைந்து சாப்பிட வேண்டும்.

#14 தராசு

ஓட்டின் நிறம் கோழி இனத்தைச் சொல்லும், சத்தைச் சொல்லாது. மஞ்சள் கருவின் ஆழ்ந்த நிறம் தீவனத்திலுள்ள நிறமி. ஒமேகா 3 முட்டை ஆளி விதை போன்ற தீவனத்தால் வருவது, அது நிஜமாகவே கூடும். ஆனால் மீன் சாப்பிடுகிறவருக்கு அந்தக் கூடுதல் கணக்கிலேயே வராது.

#15 பூந்தளிர்

சரி, ஒரு மாதிரிக் கணக்கு. 60 கிலோ, எல்.டி.எல். 95, வேற நோய் இல்ல. தினம் ரெண்டு?

#16 தராசு

புரதத் தேவை கிலோவுக்கு 0.8 கிராம் வைத்தால் 48 கிராம். இரண்டு முட்டை 12.6 தருகிறது, கால் பங்கு. தாராளமாக மீதிக்கு வேறு உணவு இடம் இருக்கிறது. 2000 கலோரிச் சாப்பாட்டில் நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றால், ஒரு டீஸ்பூன் சூரியகாந்தி எண்ணெயில் செய்த இரண்டு முட்டை 4 கிராமுக்குள் முடியும். அதே இரண்டை ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் புரட்டி மேலே ஒரு துண்டு சீஸ் வைத்தால் 15-ஐத் தாண்டும், காலை உணவிலேயே அன்றைய பங்கில் மூன்றில் இரண்டு காலி. முதல் தட்டு என்றால் இரண்டுக்குச் சரி சொல்வேன், ஆறு வாரத்தில் ஒரு சோதனையோடு. இரண்டாவது தட்டு என்றால் ஒரு முட்டைக்கே யோசிப்பேன். முட்டை எதன் இடத்துக்கு வருகிறது என்பதும் சேர்த்தி. சாசேஜ், இனிப்பு ரொட்டியின் இடத்துக்கு வந்தால் லாபம். பருப்பு, கொட்டை வகைகளைத் தள்ளிவிட்டு வந்தால் நஷ்டம்.

#17 சந்தேகப்பேர்வழி

கணக்கு எழுதும்போது கேக்கையும் மயோனைசையும் விட்டுவிடாதீர்கள். முட்டை என்று பெயர் இல்லாமல் வரும் முட்டை.

#18 தராசு

கேக், ஆமாம். நாலு முட்டைக் கேக்கை எட்டாக வெட்டினால் துண்டுக்கு அரை முட்டை, கூடவே வெண்ணெயும். மயோனைஸ் கணக்கில் அவ்வளவு இல்லை. ஒரு மஞ்சள் கரு 200 மில்லி எண்ணெயைக் கட்டும், ஒரு மேசைக்கரண்டிக்குப் பதினைந்து மில்லிகிராம் கொலஸ்ட்ரால்கூட வராது. அதில் பயப்பட வேண்டியது கலோரிக்கு.

#19 அடுப்படி

வீட்டுல செய்ற மயோனைசுக்கு கலோரியோட சால்மொனெல்லாவும் சேர்த்துக்கோங்க, அது பச்சை மஞ்சள். பாஸ்ச்சரைஸ் பண்ணின (இறுகாத அளவுக்குச் சூடாக்கிக் கிருமியைக் கொன்ன) முட்டை கிடைச்சா அதுல செய்யுங்க. கிடைக்கலைன்னா ஒரு மஞ்சளுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊத்தி, கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்து மேல கிண்ணம் வெச்சு, தெர்மாமீட்டர் 71 காட்டுற வரைக்கும் விடாம கிளறுங்க. கையை எடுத்தா ஓரத்துல கட்டி தட்டிடும். எலுமிச்சைச் சாறு இருக்கிறதால மஞ்சள் இறுக இன்னும் கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும், அதுக்காகத்தான் முதல்லயே சேர்க்கிறது. கிண்ணத்தைக் குளிர்தண்ணியில இறக்கி ஆறவிட்டு, அப்புறம் எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டு அடிங்க.